சிவப்புக் கோட்டு ஒன்றைப் பார்க்கும் விதம்

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் காலாட்படை அதிகாரியின் விழா உடையைக் காண்கிறவர்கள் சிவப்பையும் சரிகையையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் சுவை பளபளப்பில் இல்லை. அணிந்தவர் யார், எந்தப் படை, எந்தக் காலம் என்பது அந்தத் தையலிலேயே பதிந்திருக்கிறது. பட்டுப்புடவை பார்க்கத் தெரிந்தவர் கரையைத் திருப்பிப் பார்ப்பதுபோல, இங்கேயும் ஓரங்களில் தொடங்க வேண்டும். காலரும் கைமடிப்பும் மஞ்சளா, பச்சையா, நீலமா என்பது படைப்பிரிவுக்கு அடையாளம். பொத்தானில் பெரும்பாலும் அதன் எண் இருக்கும். 1810 விதிப்படி கேப்டனுக்குப் பொதுவாக வலத்தோளில் மட்டும் எபாலெட் என்னும் சரிகைக் குஞ்சம். மேஜர் முதல் இரு தோளிலும். 1830இல் அரசப் படையினருக்குத் தங்கச் சரிகை, மிலிஷியா என்னும் உள்நாட்டுத் துணைப்படைக்கு வெள்ளி என்று ஆயிற்று. 1855இல் எபாலெட்டே போய்விட்டது. இவ்வளவு தெரிந்தால், பெயர்ப்பலகை இல்லாத கோட்டுக்கும் காலம் கணிக்கலாம்.

அடுத்து, அந்தச் சிவப்பு. அதிகாரியின் சகலாத்து என்னும் கம்பளித் துணிக்கு மெக்சிகோவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சியின் சாயம். சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி இனத்து வேரின் மங்கலான சிவப்பு. ஒரே வரிசையில் நின்றாலும் இருவரும் வேறு என்பதைச் சாயமே காட்டிக்கொடுத்தது. அந்தப் பூச்சியைச் சென்னையிலேயே வளர்க்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். சோழமண்டலக் கரைக்காரர்களோ சாயவேரைக் கொண்டு தங்கள் துணிக்கு நெடுங்காலமாகச் சிவப்பேற்றி வந்தவர்கள்.

நம்மூர் வெயிலில் கம்பளியா, வீண் ஆடம்பரம்தானே என்று கேட்கலாம். அன்றாடத்துக்கு அதிகாரிகள் வெள்ளைப் பருத்தி உடுத்தினார்கள். கம்பளிக் கோட்டு தர்பாருக்கும் அணிவகுப்புக்கும். அதிகாரத்தைக் கண்ணுக்குக் காட்டுவதே அதன் வேலை, அதைச் செம்மையாகச் செய்தது. நம்மை ஆண்டவர்களின் உடையை ரசிப்பதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1799 ஒப்பந்தத்தில் தஞ்சையின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். காவிரி நெல்லில் விளைந்த மற்ற வருவாயெல்லாம் கும்பெனிக் கருவூலத்துக்குப் போனது. அதன் படை நின்றது இத்தகைய வருவாயில்தான். இதை மறந்து ரசிப்பது அரைகுறை ரசனை. ஆனால் வெறுத்து ஒதுக்குவதாலும் எதுவும் விளங்காது.

விளங்க வேண்டுமானால் அதிகாரியின் கோட்டுக்குப் பக்கத்தில் சிப்பாயின் உடையை வைக்க வேண்டும். ஆங்கிலேயர்களுக்காக வரைந்த தஞ்சை ஓவியர்கள் சென்னைப் படைச் சிப்பாயை மனைவியோடு நிறுத்தி வரைந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்தவற்றில் மேலே சிவப்புக் கோட்டு, கீழே தொடை தெரியும் குட்டைக் கால்சட்டை. ஐரோப்பிய உடை பாதி வழியில் நின்றுவிட்டது. மீதிப் பாதியையும் திணிக்கப் போனபோது என்ன நடந்தது என்பதற்கு வேலூர் சாட்சி. புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் தடை: இவற்றால் மூண்ட கோபம் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்களின் கிளர்ச்சியாக வெடித்தது. அதிகாரிக்கு உடை பெருமை. சிப்பாய்க்கு அதுவே அவமானமாகவும் ஆக முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே அந்தக் கோட்டை முழுதாகப் பார்த்தவர்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலப் படை உடைகள் இருக்கின்றன. போனால், மார்புச் சரிகையைக் கடைசியில் பாருங்கள். கைமடிப்பிலும் பொத்தானிலும் தொடங்குங்கள்.