கவாத்தும் இலக்கணமும்: படைத்துறைச் சொற்களின் தமிழாக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

படைத்துறை பற்றிய தமிழ் எழுத்தில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு எழுத்தே ஆகும். ஆட்சேர்ப்பு அறிவிப்பு, குடியரசு நாள் அணிவகுப்புச் செய்தி, படைச் சட்டம் பற்றிய விளக்கம் ஆகியவற்றுக்கு மூலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அமைகிறது. இவற்றைத் தமிழாக்குவோர்க்கு எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் நிகர் என்பதைக் கலைச்சொற் பட்டியல்கள் கூறுகின்றன. அந்த நிகர்ச்சொல் மூலச்சொல்லின் வேலையைச் செய்கிறதா என்பதைப் பட்டியல் கூறுவதில்லை. படையொழுங்கு, கொடிக்குரிய மரியாதை, இளம் படையாளைப் பயிற்றுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும் தமிழ் வழக்குகளை நோக்கினால் ஒரு பொதுப்போக்குத் தென்படுகிறது. விதியையும் தொழிலையும் குறிக்கும் சொற்கள் இருந்த இடத்தில், பண்பைப் புகழும் சொற்கள் வந்து அமர்கின்றன. இதனால் நேரும் பொருளிழப்பு நடைபற்றிய சிக்கல் மட்டுமன்று; சட்டத்தையும் மனித உறவையும் தொடும் சிக்கலாகும்.

ஒழுக்கம், ஒழுங்கு, கட்டுப்பாடு

'டிசிப்ளின்' என்னும் ஆங்கிலச் சொல் மாணாக்கனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. கற்றல் அதன் அடிப்படைப் பொருள். தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. 'ஒழுகு' என்னும் வினையடியாகப் பிறந்த 'ஒழுக்கம்' தனிமனிதனின் அறநெறியைச் சுட்டுவது. 'ஒழுங்கு' வரிசையையும் முறைமையையும் சுட்டுவது. 'கட்டுப்பாடு' பிணைப்பைச் சுட்டுவது. தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் 'ஒழுங்கு நடவடிக்கை' எனப்படுவது இலங்கை அலுவலக வழக்கில் 'ஒழுக்காற்று நடவடிக்கை' எனப்படுகிறது. ஒரே செயலை ஒரு வழக்கு முறைமை பற்றியதாகவும் மற்றொரு வழக்கு நடத்தை பற்றியதாகவும் காண்பது நோக்கத்தக்கது.

1950ஆம் ஆண்டின் படைச் சட்டம் இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் கருதியே ஆகவேண்டிய நிலையை உண்டாக்குகிறது. அச்சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேறு பிரிவுகளில் சொல்லப்படாத, ஆயினும் 'நல்லொழுங்கு', 'படைக்கட்டுப்பாடு' என்னும் இரண்டுக்கும் ஊறு விளைக்கும் செயலைக் குற்றமாக்குகிறது. மூலத்தில் இரண்டு சொற்கள் இணையாக நிற்கின்றன. பின்னதையும் 'ஒழுங்கு' என்றே பெயர்த்தால் இணை ஒற்றையாகிவிடும். 'ஒழுக்கம்' எனப் பெயர்த்தால் படைக்குற்றம் அறக்குற்றமாகத் தோன்றும். பொத்தான் பூட்டாத சீருடை படைக்கட்டுப்பாட்டுக்கு முரணாகலாம். அதனை அணிந்தவர் ஒழுக்கங்கெட்டவர் ஆகார்.

இதனினும் முதன்மையானது 41ஆம் பிரிவு. மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமையைக் குற்றமாக்கும் இப்பிரிவு, கட்டளையைச் 'சட்டமுறையான' என்னும் அடையோடு கூறுகிறது. கடும் மீறலுக்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சிறை விதிக்கத்தக்க இக்குற்றத்தில் அவ்வடையே சட்டத்தின் எல்லைக்கோடு. 'படைக்கட்டுப்பாடு என்பது மேலோர் சொல்லுக்குக் கீழ்ப்படிதல்' எனச் சுருக்கி எழுதும் எழுத்தில் முதலில் உதிர்வது இந்த அடைமொழியே. கீழ்ப்படிதலைப் பண்பாகக் கொண்டால் அதற்கு எல்லை வேண்டியதில்லை. விதியாகக் கொண்டால் எல்லை அவ்விதிக்குள்ளேயே இருக்கிறது.

கட்டளையின் இலக்கணம்

தமிழர் தம் வழக்கில் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் 'கவாத்து' என்னும் சொல் இங்கு வழிகாட்டுகிறது. விதி எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் பன்மை வடிவம் உருதுவழித் தமிழுக்கு வந்து படைப்பயிற்சியைக் குறித்தது. உருதுவில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு, அது 'இலக்கணம்'. படைப்பயிற்சியையும் மொழியிலக்கணத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழிச் சமூகம் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் கண்டிருக்க வேண்டும். இலக்கணம் கேட்பவனை மட்டும் கட்டுவதன்று, பேசுபவனையும் கட்டுவது.

அணிவகுப்புக் கட்டளைகளின் அமைப்பு இதனை மெய்ப்பிக்கிறது. கட்டளை பொதுவாக இருபகுதி உடையது. முன்பகுதி எச்சரிப்பது, பின்பகுதி செயற்படுத்துவது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் அசைபவன் தவறு செய்தவன். இடைவெளி விடாமல் கட்டளையிடுபவனும் தவறு செய்தவனே. இந்தியப் படையில் வழங்கும் 'தாஹினே முட்', 'தேஜ் சல்' முதலிய இந்திக் கட்டளைகளில் வினை இறுதியில் நின்று செயற்பகுதி ஆகிறது. தமிழும் வினையிறுதி மொழியாதலால் தொடரமைப்பில் இடர்ப்பாடு இல்லை, இடர்ப்பாடு ஒலியமைப்பிலேயே. 'முட்', 'சல்', 'தம்' என்பன ஓரசைச் சொற்கள். 'நில்' அவற்றுக்கு ஈடாகும். குற்றியலுகரத்தில் இறும் 'திரும்பு' அத்தகைய வெட்டொலியைத் தருவதில்லை.

மரியாதைக் கூறும் இங்குக் கருதத்தக்கது. 'முட்', 'சல்' என்பன இந்தியில் மரியாதை ஏற்றாத வெறும் ஏவல் வடிவங்கள். பள்ளி உடற்பயிற்சி வகுப்பில் வழங்கும் 'நேராக நில்', 'இயல்பாக நில்' என்னும் தமிழ்க் கட்டளைகளும் ஏவல் ஒருமையே. வயதில் மூத்தவரும் அணியில் நிற்கையில் 'நில்' என்பது இழிவாவதில்லை. அணிவகுப்புத் திடலில் மரியாதை இலக்கணம் இடைநிறுத்தப்படுகிறது. திடலுக்கு வெளியே அது மீளுகிறது. உரையாடல்களைத் தமிழாக்குவோர் இவ்விரு களங்களையும் வேறுபடுத்தல் வேண்டும்.

கட்டளைமொழி அரசியலும் ஆகும். 1968 சனவரியில் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழிக்கொள்கைத் தீர்மானம், தேசிய மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்களையும் எதிர்த்தது. ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் படையில் ஏறத்தாழ எண்பது ஜெர்மானியச் சொற்கள் கட்டளைமொழியாகவும், படையாட்கள் பேசிய மொழி படைப்பிரிவு மொழியாகவும் தனித்தனியே வகுக்கப்பட்டிருந்தன. அதிகாரிகள் பின்னதைக் கற்கக் கடமைப்பட்டிருந்தனர். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் நடுவம் கொண்ட மதராஸ் ரெஜிமென்டிலும் இத்தகைய அடுக்கு காணப்படுகிறது. அங்குக் கட்டளை இந்தியில் அமைய, 'வீர மதராசி, அடி கொல்லு' என்னும் போர்முழக்கம் தென்மொழியில் ஒலிக்கிறது. கட்டளை யாவர்க்கும் பொதுவான விதியாகையால் வேற்றுமொழியிலும் அமையலாம். நெஞ்சின் குரல் அவ்வாறு அமைவதில்லை.

கொடியும் கொடிக்குரிய விதியும்

கொடியைப் புகழ்தல் தமிழில் தொன்மையான மரபு. புறப்பொருள் வெண்பாமாலை 'கொடிநிலை' என்னும் துறையில் அரசன் கொடியை மூவர் கொடிகளுள் ஒன்றோடு ஒப்பிட்டுப் புகழ்தலைக் கூறுகிறது. இன்றைய செய்தி நடையில் வரும் 'கொடிக்கு மரியாதை செலுத்தினார்' என்னும் தொடரும் அப்புகழ்ச்சி மரபையே சார்ந்து நிற்கிறது. ஆனால் 2002 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு புகழ்ச்சி நூலன்று, செயல்முறை நூல். நீள அகலம் 3:2 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும். அரைக்கம்பத்தில் பறக்கவிடுமுன் கொடியை ஒருகணம் உச்சிக்கு ஏற்றிப் பின்னரே இறக்குதல் வேண்டும். நாள்முடிவில் இறக்குமுன்னும் மீண்டும் உச்சிக்கு ஏற்றுதல் வேண்டும். 'கொடி அரைக்கம்பத்தில் பறந்தது' என்னும் செய்தித்தொடரில் இவ்வசைவுகளுள் ஒன்றும் தெரிவதில்லை.

மரியாதை என்பது செயலில் இல்லை, விதியில் இருக்கிறது என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டின் தேசிய மதிப்புக்குரியனவற்றை அவமதித்தல் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் கொடியை எரிப்பதை மூன்றாண்டுகள் வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. கொடி விதித்தொகுப்போ, கிழிந்து சிதைந்த கொடியைத் தனியிடத்தில் முழுமையாக அழித்தல் வேண்டும் என்றும், எரித்தல் அதற்கு ஏற்றமுறை என்றும் கூறுகிறது. எரித்தல் என்னும் ஒரே வினை ஓரிடத்தில் அவமதிப்பு, மற்றோரிடத்தில் மரியாதை. மேலும் அச்சட்டத்தின் விளக்கப்பகுதி, சட்டவழியில் மாற்றம் வேண்டிக் கொடியையோ அரசமைப்பையோ அரசின் நடவடிக்கையையோ குறைகூறுதல் குற்றமாகாது என்கிறது. 'அவமதிப்பு', 'குறைகூறல்' என்னும் இரண்டையும் 'அவமரியாதை' என்னும் ஒரே சொல்லால் தமிழாக்கும் ஒருவர், சட்டம் காத்த உரிமையைத் தம் சொல்லால் பறித்தவர் ஆவார்.

கொடியின் வகைகளிலும் இழப்பு நேர்கிறது. நாட்டின் கொடி, படைப்பிரிவுக்கு அரசுத் தலைவர் வழங்கும் கொடி, குதிரைப்படையின் கொடி, கப்பற்கொடி என ஆங்கிலம் வெவ்வேறு சொற்களால் சுட்டுவனவற்றைத் தமிழ்ச் செய்தி 'கொடி' என ஒன்றாக்குகிறது. 1950 நவம்பர் 23 அன்று டேராடூனில் உள்ள இந்தியப் படைக் கல்விக்கழகத்தின் செட்வுட் மண்டபத்தில், படைப்பிரிவுகள் பெற்றிருந்த மன்னர் கொடிகள் நிலையாக வைக்கப்பட்டன. இதனைப் 'பிரிட்டிஷ் கொடிகள் வைக்கப்பட்டன' எனத் தமிழாக்கினால், வெளியேறிய அரசின் நாட்டுக்கொடியை நம் படை ஏன் பேணியது என வாசகர் ஐயுறுவர். பேணப்பட்டவை அப்படைப்பிரிவுகளின் சொந்த நினைவுகள். இந்தியில் வழங்கும் 'நிஷான்' என்னும் சொல்லையோ 'படைப்பிரிவுக் கொடி' என்னும் தொடரையோ ஆளின் இக்குழப்பம் நீங்கும்.

வீரர் ஆகுமுன்

பாரசீகவழி வந்த 'சிப்பாய்' தமிழில் தொழிற்பெயராக நெடுங்காலம் வழங்கியது. இன்றைய இதழ் நடை அதனைக் கைவிட்டு, சமையற்காரர் முதல் சமிக்ஞைப் பணியாளர் வரை அனைவரையும் 'இராணுவ வீரர்' என்கிறது. நேற்றுச் சேர்ந்தவரும் 'பயிற்சி வீரர்' எனப்படுகிறார். 2022 சூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் 'அக்னிவீர்' என்பதனைப் பதவிப்பெயராகவே ஆக்கியதால், இப்போக்கு அலுவலக ஏற்பும் பெற்றது. உயர்த்துதலே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் சேர்ந்த நாளிலேயே ஒருவர் வீரர் எனின், அவர் கற்று ஆகவேண்டியது யாது என்னும் வினா எழுகிறது.

பிறமொழிப் பெயர்கள் வேறு நோக்கினைக் காட்டுகின்றன. 'ஜவான்' என்பதற்குப் பாரசீகத்தில் இளைஞன் என்பது பொருள். காலாட்படையைக் குறிக்கும் 'இன்பன்ட்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லும் இளையோனைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்ததே. மதராஸ் ரெஜிமென்டின் படையாட்களுக்கு இந்தியப் படை முழுதும் வழங்கும் அன்புப்பெயர் 'தம்பி'. இம்மூன்றும் படையாளை வளர்ச்சியின் தொடக்கத்தில் நிற்பவனாகக் காண்கின்றன. தம்பி என ஒருவன் இருப்பின் அண்ணன் ஒருவன் இருந்தாக வேண்டும். பொறுப்பு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

அவ்வண்ணனுக்கும் தமிழில் சொல் உண்டு. பயிற்சித் திடலில் பயிற்றுநரை 'உஸ்தாத்' என விளிப்பது இந்தியப் படை வழக்கு. அதே பாரசீகச் சொல் 'வஸ்தாது' எனத் திரிந்து மற்போர், சிலம்பக் களங்களின் ஆசானைத் தமிழில் குறித்தது. 'வழிகாட்டி', 'நெறியாளர்' என்னும் புதுச்சொற்களில் இல்லாத ஒன்று இதில் உண்டு. வஸ்தாது தானும் களத்தில் இறங்கிச் செய்துகாட்டுபவர். மாணவனின் காலடி தவறினால் அது தம் தவறும் ஆகும் என்பதனை ஏற்பவர்.

படையில் ஆசான்-மாணாக்கர் உறவு பதவி வரிசையை ஒட்டியும் செல்வதில்லை. இருபதாண்டுக்கு மேல் பணியாற்றிய சுபேதார், அண்மையில் பணியேற்ற இளம் லெப்டினன்ட்டுக்கு முதலில் சல்யூட் செய்கிறார்; இளையவர் அதனைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். அதே இளையவர் அவரைச் 'சுபேதார் சாஹிப்' என மரியாதையோடு விளித்து, அவரிடமே படையாட்களைப் புரிந்துகொள்ளக் கற்கிறார். பதவியை மட்டும் நோக்கி லெப்டினன்ட்டின் பேச்சை 'நீ' என ஒருமையில் தமிழாக்கினால் இவ்வுறவு முற்றிலும் சிதைந்துவிடும். 1932 டிசம்பரில் டேராடூன் கல்விக்கழகத்தைத் தொடங்கிவைத்த பிலிப் செட்வுட், அதிகாரியின் கடமைகளை வரிசைப்படுத்துகையில் நாட்டை முதலிலும், அவர்கீழ் உள்ளோரை அடுத்தும், அதிகாரியின் சொந்த நலத்தை எப்போதும் இறுதியிலும் வைத்தார். விதி கட்டளையிடுபவரையே முதலில் கட்டுகிறது என்பதே அவ்வரிசையின் பொருள்.

முடிவுரை

படைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, படையாள் ஏற்கும் உறுதிமொழியில் இந்திய அரசமைப்புக்கு உண்மையாக இருத்தல் முதலாவதாக இடம்பெறுகிறது. ஆணையிட்ட இடத்துக்குச் செல்லுதலும், உயிருக்கு ஊறு நேரினும் கட்டளையை நிறைவேற்றுதலும் அதனை அடுத்தே வருகின்றன. 'நாட்டுக்காக உயிரையும் தருவேன் என உறுதி ஏற்றார்' என்னும் வழக்கமான செய்தித்தொடர், இறுதியில் வருவதனை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் நிற்பதை விட்டுவிடுகிறது.

புகழ்ச் சொற்களை விலக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. அவற்றுக்கு உரிய இடம் வேறு என்பதே முடிவு. சட்டத்தையும் பயிற்சியையும் தமிழாக்கும்போது 'சட்டமுறையான' போன்ற அடைமொழியைக் காத்தல், கொடி வகைகளை வேறுபடுத்தல், தொழிற்பெயர் வேண்டிய இடத்தில் சிப்பாய், சுபேதார், வஸ்தாது, கவாத்து முதலிய வழக்குச் சொற்களை நாணாது ஆளுதல், திடலின் ஏவலையும் திடலுக்கு வெளியே உள்ள மரியாதையையும் பிரித்தறிதல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. பதினெட்டு வயதில் படையில் சேரும் தமிழ் இளைஞன் தன் கடமையைத் தாய்மொழியில் படிக்க நேர்ந்தால், அதன் எல்லையையும் அதே பக்கத்தில் அவன் காணல் வேண்டும்.