புக் கிளிஃப்ஸ் மணற்கல்லில் புயலைக் காண்பது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரைஸ் நகரை ஒட்டித் தொடங்கி, கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் பக்கம் வரை நீளும் புக் கிளிஃப்ஸ் பாறைச்சுவர், ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில், ஓர் ஆழங்குறைந்த கடலின் மேற்குக் கரையில் படிந்தது. மேற்கே எழுந்துகொண்டிருந்த செவியர் மலைகளிலிருந்து ஆறுகள் அள்ளிவந்த மணல் கடலைப் பின்தள்ளக் கரை கிழக்கு நோக்கி முன்னேறியதால், அடிவாரத்துச் சாம்பல்நிற மாங்கோஸ் களிப்பாறையிலிருந்து மேலேயுள்ள பிளாக்ஹாக் மணற்கல்லுக்கு ஏறுபவர், ஆழத்திலிருந்து கரைக்கு ஏறுகிறார். இதைத் தொலைவில் நின்றே கண்டுகொள்ளலாம். புயலைக் காண்பதற்குத்தான் பாறையை நெருங்க வேண்டும்.

ஓர் அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதியளவு ஆழத்திற்குக் கீழே ஏறக்குறைய இறந்துவிடுவதால், அமைதியான நாட்களில் கரைக்கு அப்பாலுள்ள கடலடியில் சேறு மட்டுமே மெல்லப் படிகிறது. புயலின் நெடிய அலைகளோ பல பத்து மீட்டர் ஆழம்வரை எட்டி அந்தச் சேற்றைச் சுரண்ட, கடல்நோக்கித் திரும்பும் நீரோட்டம் கரையோர மணலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே களிப்பாறைக்கு நடுவே கூர்மையான அடிவிளிம்போடு ஒரு மணலடுக்கு தென்பட்டால், துருத்திநிற்கும் இடத்தில் குனிந்து அதன் அடிப்பரப்பைப் பார்ப்பது நல்லது; சேற்றில் விழுந்த கீறல்களும் பள்ளங்களும் அங்கே மணலில் புடைப்புகளாகப் பதிந்திருக்கும்.

அடுக்கின் உள்ளேதான் உண்மையான விருந்து. அங்கே மணற்படலங்கள் தாழ்ந்த மேடும் ஆழமற்ற குழிவுமாக வளைந்து, குழிவில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் ஓடுகின்றன. ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்குள்ள தொலைவு பெரும்பாலும் சில மீட்டர்தான். மேட்டுக் குறுக்கடுக்கு எனத்தக்க இவ்வமைப்பை 1966-இல் நிலவியலாளர் கேம்பல் விவரித்தார். 1975-இல் ஹார்ம்ஸும் உடன்பணியாற்றியவர்களும் அதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டனர். ஒருதிசை நீரோட்டம் அமைத்த குறுக்கடுக்குகள் ஒரே பக்கமாக, சில வேளை 30 பாகை வரை சாய, இவையோ எல்லாத் திசைகளிலும் 15 பாகைக்கும் குறைவாகவே சாய்கின்றன. எனவே ஒரு முகத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், அதற்குச் செங்குத்தான மற்றொரு முகத்தையும், வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பார்ப்பதே முறை. வளைந்த கோடுகளையெல்லாம் புயல் என்பது எளிதில் தொற்றிக்கொள்ளும் பழக்கம். அலைகள் மட்டுமே மேட்டுக் குறுக்கடுக்குகளை ஆக்கினவா, நீரோட்டமும் கைகொடுத்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.

அடுக்கின் உச்சியில், புயல் ஓயும்போது உண்டான சிறு அலைவரிகளைத் தேடலாம். பல இடங்களில் அவை எஞ்சியிருப்பதில்லை. பின்னர் குடியேறிய உயிரினங்கள் மணலைத் துளைத்துக் கலைத்துவிட்டன. இறால் இனத்தவை அமைத்ததாகக் கருதப்படும், முடிச்சு முடிச்சான சுவர்கொண்ட ஓஃபியோமார்ஃபா வளைகள் அத்துளைகளுள் பெயர்பெற்றவை. சில மணிகளிலோ நாட்களிலோ குவிந்த மணலுக்கு மேல், நெடுங்கால அமைதி விரலளவுச் சேறாக மட்டுமே கிடப்பதும் உண்டு.

மேலே ஏற ஏற அந்தச் சேறும் காணாமற்போய், மணல்மேல் மணலாக ஒரே தடித்த பாறை நிற்கும். அதை ஒரு பெரும்புயலின் கைவேலை என்று கொள்வது தவறு. ஒவ்வொரு புயலும் முந்தையது விட்டுச்சென்ற சேற்றை அரித்தெடுத்ததன் விளைவே அது. பாறைக்குள் மங்கலாக ஓடும் வெட்டுக்கோடு ஒன்றையும், அதை ஒட்டி ஆங்காங்கே சிக்கிய களிமண் துண்டுகளையும் தேடிப் பிடித்தால், ஒரு புயல் முடிந்து மற்றொன்று தொடங்கிய இடம் பெரும்பாலும் அதுவே.