தெமுவான்: மலாய்க்கு மிக அருகில் ஒரு மொழி

சிலாங்கூரின் சுங்கை பூலோ என்றதும் ரப்பர் ஆய்வுக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டமும் அங்கே ஒலித்த தமிழும் நினைவுக்கு வரும். 1930இல் அமைந்த தொழுநோய்க் குடியிருப்பும் அதன் பல மொழிப் பேச்சும் வரும். இவற்றுக்கெல்லாம் முன்பே இந்த வட்டாரத்தில் புழங்கிய தெமுவான் மொழி மட்டும் வருவதில்லை. பக்கத்து டாமன்சாரா பெர்டானாவில், அடுக்குமாடிகளுக்கு நடுவே, புக்கிட் லஞ்சான் ஓராங் அஸ்லி (பழங்குடி) மக்கள் வாழும் டேசா தெமுவான் இருக்கிறது. நாள்தோறும் அதைக் கடந்துதான் பலர் வேலைக்குப் போகிறோம்.

சிலாங்கூரின் முக்கியமான ஓராங் அஸ்லி மொழிகள் இரண்டு. கேரித் தீவிலும் சிப்பாங் வட்டாரத்திலும் வாழும், சுமார் 3,000 பேர் கொண்ட மா மெரி மக்களின் மொழி ஒன்று. அது ஆஸ்திரோ ஆசியக் குடும்பம். இந்தியாவில் பேசப்படும் காசி, சந்தாலி, நிக்கோபாரி மொழிகளுக்கு உறவு. உயிரொலியைத் தெளிவாக உச்சரிப்பதா, மூச்சுக் கலந்து உச்சரிப்பதா என்பதை வைத்தே அதில் பொருள் மாறும். மொழியியலாளர் நிக்கோல் குருஸ்பே 2010இல் புக்கிட் பங்கோங் ஊரின் வழக்குக்கு அகராதி வெளியிட்டார். கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களில் தமிழர்கள் இந்த மொழிக்கு அண்டை வீட்டாராகவே வாழ்ந்திருக்கிறார்கள்.

தெமுவான் வேறு குடும்பம். மலாயின் நெருங்கிய உறவு. சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, பகாங் என விரிந்து கிடப்பதால் இடத்துக்கு இடம் பேச்சு மாறுகிறது. மலாய்த் தீபகற்பப் பழங்குடிகள் பற்றி 1906இல் வெளியான ஸ்கீட், பிளாக்டன் நூலில் பெலந்தாஸ், மந்திரா என்று தனித்தனிப் பெயர்களில் வரும் மக்களில் பலர் இன்று தெமுவான் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டார்கள். மா மெரிக்கு வாய்த்த ஆய்வுக் கவனம் இதற்கு வாய்க்கவில்லை. காரணம் மலாயுடனான இந்த நெருக்கமே என்பது என் துணிபு. அயலாக ஒலிக்கும் மொழியைத் தேடி அறிஞர்கள் கடல் கடந்து வருகிறார்கள். பாதி புரிகிற மொழியையோ கொச்சை மலாய் என்று தள்ளிவிடுகிறோம்.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளான இருளரின் மொழிக்கும் இதே கதிதான் இருந்தது. தமிழின் சிதைந்த வடிவம் என்றே நெடுங்காலம் ஒதுக்கினார்கள். 1968இல் மொழியியலாளர் ஜெரார் டிஃப்லோத் தம் முனைவர் பட்ட ஆய்வில் அதைத் தமிழின் நெருங்கிய உறவாகக் கொண்டு தனித்து ஆராய்ந்தார். அதே டிஃப்லோத்தான் பிறகு மலாயாக் காடுகளின் செமாய் முதலான மொழிகளுக்குப் பெரும் அறிஞர் ஆனார். நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில், அக்போர் வட்டாரத்து இக்கா மொழியும் இத்தகைய சர்ச்சையில் சிக்கியிருக்கிறது. அது இக்போவின் கிளைமொழியா, எடோ மொழியின் சாயல் ஏறிய தனிமொழியா என்ற வாதம் ஓயவில்லை.

மலேசியாவில் தனிமொழியா, கிளைமொழியா என்ற இந்தக் கேள்வி நிலம்வரை போகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கும்போது மலாய்மொழி பேசுவதை ஓர் அடையாளமாக வைக்கிறது. 1954ஆம் ஆண்டுப் பழங்குடி மக்கள் சட்டமோ பழங்குடி மொழி பேசுவதை அடையாளமாகச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது தெமுவான். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கில் அருகே புக்கிட் தம்போய் ஊரின் தெமுவான் மக்கள் நிலம் இழந்தபோது, 2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களது மரபு நில உரிமையை ஏற்றன. பழங்குடி என்ற தகுதியில்தான் அந்த உரிமை கிடைத்தது. மொழியைக் கிளைமொழி என்று அலட்சியமாகக் குறைத்துப் பேசுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இங்கிருந்து பார்க்க வேண்டும்.

அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் அசிக் எஃப்எம் வானொலியில் தெமுவான் ஒலிக்கிறது. செமாய் சில பள்ளிகளில் பாடமாகவே இருக்கிறது. தெமுவானுக்கு இப்போது தேவை ஊர்வாரியான பதிவு: டேசா தெமுவான், புக்கிட் தம்போய், உலு லங்காட் என ஒவ்வோர் இடத்திலும் முதியவர்களின் பேச்சு, மரப்பெயர், வேட்டைச் சொல், கதை. 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்களும், தமிழ் வட்டார வழக்குகளைச் சேகரிக்கக் கற்ற கையோடு, இந்தப் பணியில் தெமுவான் இளைஞர்களுடன் சேரலாம். தோட்டத் தமிழுக்கும் தெமுவானுக்கும் இடையே கைமாறிய சொற்கள் உண்டா என்பதையும் அப்போதே கேட்டறியலாம்.