மஞ்சளில் வந்தால் நம்பு

மைன்கிராஃப்டில் எண்டர் டிராகனைக் கொன்றுவிட்டு, அதன்பின் திறக்கும் வாசலுக்குள் குதித்தால் விளையாட்டு சட்டென்று நின்றுவிடும். திரையில் எழுத்து ஓட ஆரம்பிக்கும். ஐரிஷ் எழுத்தாளர் ஜூலியன் காஃப் எழுதிய அந்தப் பகுதி, 2011 நவம்பரில் கேமின் முதல் முழுப் பதிப்போடு வெளிவந்தது. ரசிகர்கள் அதை ‘எண்ட் போயம்’ என்கிறார்கள். வடிவத்தில் அது இரண்டு பேருடைய உரையாடல். பேசுபவர்களுக்குப் பெயர் கிடையாது, மேற்கோள் குறி கிடையாது, ‘என்றான்’ ‘என்றாள்’ கிடையாது. ஒரு குரல் நீலம் கலந்த பச்சையில் வருகிறது, இன்னொன்று கரும்பச்சையில். யார் பேசுகிறார் என்பதை நிறம்தான் சொல்கிறது. நடுவில் சில சொற்கள் நமக்கு மறுக்கப்படுகின்றன. அந்த இடத்தில் எழுத்துகள் நொடிகூட நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், என்ன முயன்றாலும் படிக்க முடியாது.

இதைப் பார்த்ததும் எனக்கு ஃபாக்னர் நினைவுக்கு வந்தார். 1929இல் வெளியான ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’யின் பெஞ்சி பகுதியில் காலம் முன்னும் பின்னும் தாவும். ஒவ்வொரு காலத்தையும் வேறு வேறு வண்ண மையில் அச்சிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அன்றைய அச்சுத்தொழிலில் அது நடக்கவில்லை. சாய்வெழுத்தோடு ஒப்பேற்றிக்கொண்டார். 2012இல்தான் ஃபோலியோ சொசைட்டி அதை 14 வண்ணங்களில் கொண்டுவந்தது. ஒரு நாவலாசிரியரின் ஆசை 83 வருஷம் காத்துக் கிடந்தது. அதே வசதி இன்றைக்கு கேமில் அரட்டையடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல்நுனியில் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் நிறத்தைக் கொண்டுவருவது ஒரே ஒரு குறி. சட்டப் புத்தகங்களில் பிரிவு எண்ணுக்கு முன்னால் போடுவார்களே, இரண்டு ‘எஸ்’ பின்னிக்கொண்ட மாதிரி, அதுதான். அதை அடுத்து ஓர் எண்ணோ எழுத்தோ வந்தால் பின்னால் வரும் சொற்கள் நிறம் மாறும். மொத்தம் 16 நிறங்கள். அதோடு தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, நடுக்கோடு, மேலே சொன்ன படிக்க முடியாத எழுத்து. எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்க இன்னொரு குறி. இந்த 16 நிறங்களும் புதிதாகத் தேடி எடுத்தவை அல்ல. 1981இல் வந்த ஐபிஎம் கணினியின் வண்ண அட்டையில் இருந்த அதே 16, அதே வரிசை. பழுப்பு இருந்த இடத்தில் மட்டும் பொன்னிறம் உட்கார்ந்திருக்கிறது.

இந்த நிறங்களை கேம் தனக்காகப் பயன்படுத்தும்போது ஓர் இலக்கணம் தெரிகிறது. ஆட்டக்காரர் பேசினால் பெயர் கோண அடைப்புக்குறிக்குள் வரும், பேச்சு வெள்ளையில் வரும். யாராவது உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ மஞ்சளில் ஒரு வரி வரும், அதற்கு அடைப்புக்குறி இருக்காது. ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னால் சாம்பல் நிறத்தில் சாய்வெழுத்து. ஒரு சாதனையை முடித்தால் அதன் பெயர் பச்சையில் வரும், மிகக் கடினமானதாக இருந்தால் ஊதாவில். யாரும் இதைப் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. ரெண்டு நாள் விளையாடினால் தானாகவே கண்ணில் ஏறிவிடும். வெள்ளை என்றால் மனுஷன், மஞ்சள் என்றால் கேம். மனுஷன் பொய் சொல்லலாம், கேம் சொல்லாது.

அதனால்தான் அந்தப் பிரிவுக்குறியை ஆட்டக்காரர் சாட்டில் தட்டச்சு செய்ய அடிப்படை கேம் விடுவதில்லை. கஞ்சத்தனம் என்று தோன்றலாம், ஆனால் அது சரியான முடிவு. அரசு முத்திரையைக் கடையில் விற்க மாட்டார்கள் இல்லையா?

ஆனால் விற்கிறார்கள். தனியார் சர்வர்கள் நடத்துபவர்கள் இந்தத் தடையைச் சுற்றிப்போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரிவுக்குறிக்குப் பதிலாக ‘அண்ட்’ குறியைப் போட்டால் அவர்களுடைய நிரல் அதை நிறமாக மாற்றிக்கொடுக்கும். இந்த உரிமையைப் பல சர்வர்களில் காசுக்கு வாங்கலாம். பணம் கட்டினால் பெயர் பொன்னிறமாகும், இன்னும் கட்டினால் பேச்சும் வண்ணமாகும். 2014இல் மோஜாங் நிறுவனம் சர்வர் வியாபாரத்துக்கு விதி வகுத்தபோது, விளையாட்டில் அனுகூலம் தருபவற்றை விற்கக் கூடாது, அலங்காரப் பொருள்களை விற்கலாம் என்றது. தொப்பி, செல்லப் பிராணி வரிசையில் எழுத்தின் நிறமும் அலங்காரமாகக் கடைக்கு வந்தது.

நான் மறுப்பது இந்த வகைப்பாட்டைத்தான். தொப்பி அலங்காரம், சரி. பேச்சின் நிறம் எப்படி அலங்காரமாகும்?

என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு. பட்டப்பெயர், நிறம் இரண்டையும் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்த ஒரு சர்வரில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒருநாள் மஞ்சளில் ஒரு வரி வந்தது. சர்வர் மறுபடி துவங்கப்போகிறது, கையில் இருப்பது அழிந்துவிடும், எல்லாரும் வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவையுங்கள் என்று. மூன்று சாயங்காலம் தோண்டி எடுத்த வைரங்களைக் கொண்டுபோய்ப் போட்டான். யாரோ ஒருவன் அள்ளிக்கொண்டு போய்விட்டான். “எப்படிடா நம்பினே?” என்று கேட்டேன். “மஞ்சள்ல வந்துச்சு மாமா. அதான்.”

கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவன் வாசித்ததில் பிழையே கிடையாது. எந்த இலக்கணத்தை அந்த கேமே அவனுக்குக் கற்றுக்கொடுத்ததோ அதன்படிதான் படித்தான். இலக்கணத்தை விலைக்கு விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சாட்டில் குரல் இல்லை, முகம் இல்லை. தொல்காப்பியர் எண்ணிச் சொன்ன எட்டு மெய்ப்பாடும் உடம்பில் தோன்றுபவை. உடம்பே இல்லாத இடத்தில் சிரிப்பையும் கோபத்தையும் எதில் காட்டுவது? ரூன்ஸ்கேப் இதற்கு ஒரு வழி விட்டது. அங்கே வரியின் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் பேச்சு சிவக்கும், மின்னும், அலைபோல ஆடும். யாருக்கும் காசில்லை, எல்லாருக்கும் உண்டு. விளைவு என்ன? சந்தையில் சரக்கு விற்கிறவர்கள்தான் அதை அதிகம் பிடித்துக்கொண்டார்கள். எல்லாத் தலைக்கு மேலும் எழுத்து மின்னினால் எந்த மின்னலும் கண்ணில் படாது. ஆனாலும் அந்த வடிவமைப்பில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. ஆட்டமும் மின்னலும் தலைக்கு மேல் தோன்றும் எழுத்தோடு சரி. கீழே சாட் பெட்டியில் அதே வாக்கியம் சாதாரணமாகவே பதிவாகும். கூவலாம், ஆனால் பதிவேட்டில் கூவல் ஏறாது.

எனக்குப் பிடித்த தீர்வு 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுடையது. அங்கே சாதாரணப் பேச்சு வெள்ளை, கத்தினால் சிவப்பு, ரகசியம் இளஞ்சிவப்பு, கில்டுப் பேச்சு பச்சை. பேசுபவர் தன் வாக்கியத்துக்கு நிறம் பூச முடியாது. ஒரு வாளின் பெயரைச் சாட்டில் ஒட்டினால் அது நிறத்தோடு வரும், ஆனால் அந்த நிறம் வாளின் தரம். பச்சைத் தரத்து வாளை ஊதா என்று ஏமாற்ற வழியில்லை. முக்கியமான விஷயம் இனிமேல்தான். எந்த வகைப் பேச்சு எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை வாசிக்கிறவர் தன் திரையில் மாற்றிக்கொள்ளலாம். நிறம் கேட்பவர் கையில் இருக்கிறது.

இது வெறும் ரசனை விஷயமல்ல, கண் விஷயமும்கூட. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. மைன்கிராஃப்டின் கருநீலத்தை முழுக் கறுப்பின் மேல் வைத்தால் ஒளிமாறுபாடு ஏறத்தாழ 1.6க்கு 1. இணையத்தில் சாதாரண எழுத்துக்குக் கேட்கப்படும் அளவு 4.5க்கு 1. ‘கெத்தா இருக்கு’ என்று கருநீலத்தில் எழுதுகிறவர் பாதிப் பேருக்குத் தெரியாமல் முணுமுணுக்கிறார். மைன்கிராஃப்டும் வாசகருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது: சாட் அமைப்பில் நிறங்களை அணைத்துவிடலாம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை, அவ்வளவுதான். 2020இல் 1.16 பதிப்பு வந்தபிறகு 16 போய் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் வந்தன. ஒரே பெயரில் எழுத்துக்கு எழுத்து நிறம் வழிந்து மாறும் அலங்காரங்கள் பெருகின. அணைக்கும் சுவிட்ச் மட்டும் ஒன்றுதான்.

இந்த அளவுகோலை காஃபின் படைப்பின்மேல் வைத்தாலும் ஒரு குறை தெரியும். நீலத்தையும் பச்சையையும் பிரிக்க முடியாத அரிய பார்வைக் குறை உள்ளவருக்கு அந்த இரண்டு குரலும் ஒன்றாகிவிடலாம். கேமின் மஞ்சள் வரிக்கு அந்த ஆபத்து இல்லை. நிறம் தெரியாவிட்டாலும் அடைப்புக்குறி இல்லாததை வைத்து அது மனுஷப் பேச்சில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். நிறம் சொல்வதை இன்னொரு குறியும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்ற பாடத்தை, அந்தக் கவிதையைவிட அந்த ஒற்றை வரி நன்றாகக் கற்றிருக்கிறது.

நம் ஓலைச்சுவடிகளில் நிறமும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, பல ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இல்லை. பிரித்துப் படிக்கும் வேலை முழுக்க வாசகர் தலையில். அந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் ஒவ்வொரு குறியாக வந்து சேர்ந்தது. காற்புள்ளியை யாரும் காசு கொடுத்து வாங்கித் தன் பெயருக்கு மாட்டிக்கொள்வதில்லை. நிறமும் அப்படி ஒரு நிறுத்தற்குறி என்று கேம் செய்கிறவர்கள் ஒத்துக்கொண்டால் போதும். பேசுகிறவருக்குச் சொற்களைக் கொடுங்கள், நிறத்தை வாசிக்கிறவருக்கு விடுங்கள். மஞ்சளை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள்.