விசுவாச நூல்களும் ஈழத்துக் கதை உரைநடையும்: திருகோணமலையின் ‘ஊசோன் பாலந்தை கதை’ பற்றிய ஒரு மறுநோக்கு

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றத்தை ஆராய்வோர் மூன்று நூல்களைத் தவறாது குறிப்பிடுவர். கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885), திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891), அதே ஊரிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895) என்பன அவை. இவற்றுள் நடுவணதாகிய ‘ஊசோன் பாலந்தை கதை’யே விமர்சகரின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றது. அது தழுவல், அற்புதங்கள் நிறைந்தது, சமயச் சார்புடையது, ஆகவே நாவல் என்னும் தகுதி அதற்கில்லை எனச் சில வரிகளிற் கூறிவிட்டு மேற்செல்வதே பெருவழக்காக இருந்து வந்துள்ளது.

இத்தீர்ப்பை நாம் மறுக்க முற்படவில்லை. தீர்ப்புக்கு அடிப்படையான வினாவே பொருத்தமற்றது என்பதே எமது கருத்தாகும். பின்னாளில் நிலைபெற்ற நாவல் என்னும் அளவுகோலைக் கொண்டு 1891ஆம் ஆண்டு நூலொன்றை அளந்து, அது குட்டையானது எனக் கூறுவதில் பயனில்லை. அந்நூல் எவ்வகை வாசிப்பை எதிர்நோக்கி எழுந்ததோ அவ்வகையில் வைத்தே அதனை நோக்குதல் வேண்டும். கத்தோலிக்க வாசகரின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் நூல்களின் நீண்ட வரிசையில் வருவது அது. அவ்வரிசையைப் பிரசாரம் என்று முற்போக்காளர் ஒதுக்கினர். ‘முதல் நாவல் எது’ என்ற போட்டியில் ஈடுபட்டோரோ அதனை மறந்தனர். இரு சாராரும் இழந்தது ஒன்றே: எமது சாதாரண மக்கள் கதை படிக்கப் பழகிய வரலாறு.

1

தமிழில் அச்சேறிய நூல்களின் வரலாறு விசுவாச நூலோடுதான் தொடங்குகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ மன்றாட்டுக்களையும் போதனைகளையும் கொண்ட சிறுநூல். அதனைத் தமிழாக்கிய அண்டிறிக்கு அடிகளார் 1586இல் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்வை உரைநடையிற் கூறுவது. கோட்பாட்டைக் கற்பிப்பதற்கு வினாவிடை போதும். விசுவாசத்தை ஆழப்படுத்துவதற்கோ வாழ்க்கைக் கதை தேவைப்பட்டது. இவ்வுண்மையைத் தமிழ் அச்சின் முதற் பத்தாண்டிலேயே காண்கிறோம்.

ஈழத்தில் இம்மரபு வேறொரு சூழலிலே தழைத்தது. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க மதம் தடைக்குள்ளாகியிருந்தது. 1737 முதல் கொழும்பில் இயங்கிய அச்சுக்கூடம் அவர்களது சீர்திருத்தத் திருச்சபையின் தேவைகளுக்கே பயன்பட்டது. 1705இல் கோவையிலிருந்து, அதாவது இந்தியாவின் கோவாப் பகுதியிலிருந்து, இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதியவை ஓலைச்சுவடிகளிலேயே பரவின. அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் மக்கள் கூடி வாசிக்கவும் கேட்கவும் அமைந்தது. கிறிஸ்துவின் பாடுகளைத் தாயொருத்தி பிள்ளைக்கு அழும் குரலோடு இணைத்துச் சொல்லும் இந்நூலின் நடை, எமது ஒப்பாரி மரபை அறிந்த செவிகளுக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது. தனித்திருந்து மௌனமாகப் படிக்கும் நூலன்று அது. ஒருவர் வாசிக்க ஊரே கேட்கும் நூல். அரசும் அச்சும் எதிரணியில் இருக்க, ஓலையையும் குரலையுமே நம்பி வாழ்ந்த இம்மரபு, விசுவாச நூல் எப்போதும் ஆளுவோரின் கருவியாகவே இருந்தது என்ற பொதுமைப்படுத்தலுக்கு இடந்தராதது என்பது மனங்கொளத்தக்கது.

2

ஆயினும் ஆளுவோருக்கு உவப்பான விசுவாச நூல்களும் இருக்கவே செய்தன. 1856இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘காவலப்பன் கதை’ இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஆங்கில எழுத்தாளராகிய ஹன்னா மோரின் ‘பார்லி தி போர்ட்டர்’ என்னும் உருவகக் கதையின் தமிழாக்கம் அது. காட்டின் நடுவே மதில் சூழ்ந்த வீடு; வெளியே கள்வர்; வீட்டுத் தலைவன் பயணம் போயிருக்கிறான்; வாயிலைக் காக்கும் வேலைக்காரன் மதிலின் துவாரத்தினூடாகக் கள்வனோடு பேச்சுக் கொடுக்கிறான்; முகஸ்துதிக்கு மயங்கிக் கதவைத் திறக்கிறான்; முதலில் மடிபவனும் அவனே. பாவத்தோடு பேசவே கூடாது என்பது கதையின் போதனை.

இக்கதை பிறந்த சூழல் கவனத்துக்குரியது. பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துக்கள் இங்கிலாந்தின் உழைப்பாளரிடையே பரவுவதைக் கண்டு அஞ்சிய மேன்மக்களின் ஆதரவோடு, 1795 முதல் 1798 வரை மலிவு விலைப் பிரசுரங்களை ஹன்னா மோர் வெளியிட்டார். முதலாண்டிலேயே அவை 20 இலட்சம் பிரதிகள்வரை பரவின. அன்று சந்தைகளிலும் தெருக்களிலும் விற்ற சில்லறைக் கதைப் புத்தகங்களின் தோற்றத்தையே அப்பிரசுரங்கள் மேற்கொண்டன. வீரமும் மாயமும் நிறைந்த அக்கதைகளை ஏழைகளின் கையிலிருந்து அகற்றி, அடக்கத்தையும் திருப்தியையும் புகட்டும் கதைகளைப் பதிலாக வைப்பதே நோக்கம். கதவைத் திறவாதே, வெளியே நிற்பவனோடு பேசாதே என்னும் போதனை ஆன்மிக எச்சரிக்கை மட்டுமன்று. அதன் அரசியற் பொருளையும் அக்கால வாசகர் உணர்ந்திருப்பர்.

மூலத்தில் வேலைக்காரனின் பெயர் பேச்சு, பேரம் என்னும் பொருளைத் தருவது. அவன் குற்றம் அவன் பெயரிலேயே உண்டு. தமிழிலோ ‘காவலப்பன்’ ஆனான். குற்றம் மறைந்து, அவன் வழுவிய கடமையே பெயராயிற்று. பேச்சின் சுவை குன்றிக் காவலின் கண்டிப்பு ஓங்கியது. யாழ்ப்பாணத்தில் மதம் மாறிய சிறுபான்மையினரைச் சுற்றுச்சூழலினின்று காத்துக்கொள்ள விரும்பிய மிஷனரிச் சூழலுக்கு இது பொருந்தியதே.

3

‘காவலப்பன் கதை’ வந்து 35 ஆண்டுகளின் பின் திருகோணமலையில் ‘ஊசோன் பாலந்தை கதை’ தோன்றியது. இதன் மூலம் ‘வலன்ரைனும் ஓர்சனும்’ என்னும் ஐரோப்பிய வீரகாதை. 1489இல் பிரான்சின் லியோன் நகரில் அச்சான இக்காதை, பின்னர் பல மொழிகளிற் பரவி, இங்கிலாந்தில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிலே தெருவில் விற்ற சில்லறைக் கதைப் புத்தகங்களுள் ஒன்றாயிற்று. அதாவது, ஹன்னா மோர் ஏழைகளின் கையிலிருந்து பறிக்க விரும்பிய அதே வகைக் கதையே ஈழத்தில் விசுவாசத்தை வளர்க்கும் நூலாக மாறியது. எமது இலக்கிய வரலாறு இம்முரணை இதுவரை போதியளவு கருத்திற் கொள்ளவில்லை.

கதையின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். சக்கரவர்த்தி அலெக்சாந்தரின் மனைவி மீது பொய்ப்பழி சுமத்தப்படுகிறது. கருவுற்றிருந்த அவள் நாடு கடத்தப்பட்டுக் காட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒரு பிள்ளையைக் கரடி எடுத்துச் சென்று வளர்க்கிறது, அவனே ஊசோன். மற்றவன் பாலந்தை, அரசனொருவனின் ஆதரவிலே வளர்கிறான். சகோதரர் ஒருவரையொருவர் அறியாது பொருதிப் பின் ஒன்றுசேர்வதும், பிறப்பின் உண்மை வெளிப்படுவதும், பழி நீங்குவதும் கதையின் போக்கு. ஐரோப்பிய மூலத்தின் இறுதிப் பகுதியில் வலன்ரைன் போரிலே தந்தையை அடையாளந் தெரியாது கொன்றுவிடுகிறான். அதற்குப் பரிகாரமாக ஏழாண்டுகள் தன் மாளிகைப் படிக்கட்டின் கீழேயே எவரும் அறியாத இரவலனாகக் கிடந்து தவம் புரிகிறான். வீரகாதை புனிதர் சரித்திரமாக மாறும் இடம் இது.

இவ்வமைப்புத் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதியதன்று. பழிசுமத்தப்பட்ட பத்தினியின் கதையாகிய ‘ஞானசவுந்தரி’ மன்னார்ப் பகுதியில் நாடகமாக வழங்கியதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த ஏடுகளால் அறிவோம். கண்ணகியும் நளாயினியும் தமயந்தியும் வாழும் பண்பாட்டிலே, வனத்தில் விடப்பட்ட அரசியின் துயரம் விளக்கவுரை வேண்டாதது. இன்னாசித்தம்பி தேர்ந்த கதை, திருச்சபைக்கு வெளியே நின்ற அயலவருக்கும் விளங்கக்கூடியதாக இருந்தது. ‘காவலப்பன் கதை’ கதவை அடைத்து விசுவாசத்தைக் காக்க முயன்றது; ‘ஊசோன் பாலந்தை கதை’ கதவைத் திறந்து அதனை வளர்க்க முயன்றது எனலாம். முன்னையது உருவகம், அதன் மாந்தர் கருத்துக்களின் நிழல்கள். பின்னையது காதை, அதன் மாந்தர் பசி, பழி, பிரிவு ஆகியவற்றை உடம்பால் அனுபவிப்பவர். கதை உரைநடை வளர்வதற்கு இரண்டாவது வழியே உதவியது.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். ஐரோப்பிய மூலத்தில் அரசி மீது பழி சுமத்துபவன் பேராயன் ஒருவன். தன் இச்சைக்கு அவள் இணங்காமையாற் பொய் சொல்கிறான். இக்கதையை நூற்றாண்டுக் கணக்காகக் கேட்டு மகிழ்ந்த ஐரோப்பியக் கத்தோலிக்க மக்கள் அதனால் விசுவாசத்தை இழக்கவில்லை. மக்களின் விசுவாசமும் மதநிறுவனத்தின் அதிகாரமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சமய இலக்கியம் முழுவதையும் நிறுவனத்தின் குரலாகவே கொள்ளும் விமர்சனம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது.

4

இந்நூலுக்கு நாம் தேடும் நியாயம் அதன் குறைகளை மறைப்பதாக அமைந்துவிடக் கூடாது. 1891இல் திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளம். வணிகக் கப்பல்கள் காலியையும், 1875இல் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின் கொழும்பையும் நாடின. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைத் தன் வாசலிற் கொண்டிருந்த ஊர், அதன் பயனைத் தான் அனுபவிக்காது பேரரசின் போர்க்கப்பல்களுக்குக் காவல் நின்றது. இந்த யதார்த்தம் ‘ஊசோன் பாலந்தை கதை’யில் இல்லை. தூரதேசத்துச் சக்கரவர்த்திகளின் அரண்மனையே அதன் உலகம். சித்திலெப்பை எகிப்தையும், சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத் தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் நாடியமையை நோக்குமிடத்து, தன் மண்ணைக் கதைக்களமாகக் கொள்ளும் துணிவு அன்று எவருக்கும் வரவில்லை என்பது புலனாகும். எனவே இக்குறையை விசுவாச நோக்கின் மீது மட்டும் சுமத்துதல் நியாயமாகாது.

பெண்ணின் பொறுமை பற்றிய பிரச்சினை இதனினும் பாரதூரமானது. பழிசுமந்த அரசி காத்திருக்கிறாள். அவளது குற்றமின்மையை நிலைநாட்டுவோர் ஆடவர். அடுத்த ஆண்டிலேயே, 1892இல், சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தை விடு தூது’ என்னும் சிறு பிரபந்தத்தில் பெண்ணின் விருப்பத்தைக் கேளாத திருமண முறையையும் அவளை அடைத்துவைக்கும் வழக்கத்தையும் கண்டித்தார். ஒரே ஊரைச் சேர்ந்த இருவரது எழுத்தில், ஓராண்டு இடைவெளியில், பொறுமையின் இலக்கியமும் உரிமையின் இலக்கியமும் அருகருகே நிற்கின்றன. சமகால ஊரவராகிய இவ்விருவரையும் ஒருங்குவைத்துக் கற்பதே திருகோணமலையின் இலக்கிய வரலாற்றைக் கற்பதற்குச் சரியான தொடக்கமாகும்.

விசுவாச மரபு தானும் அங்கேயே தேங்கிவிடவில்லை. 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ கிறிஸ்தவப் பக்தி தோய்ந்த நாவல். அதன் பெயரே வேதாகம வழக்கைச் சார்ந்தது. ஆனால் பழிசுமந்த அரசி அங்கே யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். கணவனாற் கொடுமைக்குள்ளாகும் கண்மணியின் துயரத்தை எழுதியவர் ஒரு பெண். பொறுமை இன்னும் போற்றப்படுகிறது; ஆயினும் துன்பத்துக்குக் காரணமான குடும்ப அமைப்பு வாசகரின் கண்முன் வந்துவிடுகிறது. காட்டிலிருந்து வீட்டுக்கு வந்த இப்பயணமே ஈழத்து நாவலின் பயணமுமாகும். ‘ஊசோன் பாலந்தை கதை’ போன்ற நூல்கள் துன்பத்தைக் கதையாகப் படிக்கும் பழக்கத்தை வளர்த்திராவிடின் இப்பயணம் இன்னும் கடினமாகவே இருந்திருக்கும்.

5

விசுவாசத்தை ஆழப்படுத்தும் நூல்களை மதிப்பிட ஒரே அளவுகோல் போதாது. வாசகனைத் தனிமைப்படுத்தி, அயலவனோடு பேசுவதையே பாவமாக்கும் நூல் உண்டு. துன்புறுவோனின் பக்கம் வாசகனை நிறுத்தி, அவன் கண்ணீரை விரிவாக்கும் நூலும் உண்டு. முதலாவது வகையை நாம் எதிர்ப்பதற்குக் காரணம் அது சமயநூல் என்பதன்று. மனிதரைச் சுருக்குகிறது என்பதே. இரண்டாவது வகை, தன் காலத்தின் தளைகளோடு இருப்பினும், எமது இலக்கியச் செல்வத்தின் பகுதி. 1971இல் கொழும்பில் சமூக சமய நடுநிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார் போன்றோர், விசுவாசம் ஆழமாகும்போது அது அநீதியையும் காணவேண்டும் என வாதிட்டனர். அவ்வாதத்தின் ஒரு வேரை, கற்ற இறையியலில் மட்டுமன்றி, பழிசுமந்தவளுக்காக அழப் பழகிய சாதாரண வாசகரிடத்தும் தேடலாம்.

ஆய்வாளருக்குரிய பணியொன்றும் எஞ்சியுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது எவ்வளவு இழந்தோம் என்பதை அறிவோம். விசுவாச நூல்களோ பெரும்பாலும் நூலகங்களில் வைக்கப்பட்டவையல்ல. வீட்டுப் பெட்டியிலும் கோயில் அலுமாரியிலும் கிடந்தவை. அவற்றைத் தேடித் தொகுத்தல், முன்னுரைகளையும் கையொப்பங்களையும் ஓரக் குறிப்புகளையும் பதிவுசெய்தல், தவக்கால வாசிப்பை நினைவிற் கொண்டுள்ள முதியோரின் குரலை ஒலிப்பதிவு செய்தல் ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கவை. பக்தருக்கு இவை விசுவாசத்தின் சான்றுகள். எமக்கு இவை, எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் கடற்கரை மக்கள் பிறர் துன்பத்தை வாசித்தறிந்ததன் சான்றுகள். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.