வில்லும் நாணும்: சுற்றுப் பலகை வரைவு மென்பொருளிற் பல்கோணிகள் – ஒரு நோக்கு

அச்சிட்ட சுற்றுப் பலகை என்றதும் மெல்லிய செப்புக் கோடுகளே பலரின் மனக்கண்முன் தோன்றும். ஆயின், இன்றைய பலகைகளிற் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது கோடன்று, பரப்பாகும். புவித்தொடுப்புக்கென விடப்படும் செப்புப் பரப்பின் எல்லையை மட்டுமே வரைவாளர் வரைகின்றார். அவ்வெல்லைக்குள் அமைந்த துளைகள், திட்டுகள், கோடுகள் ஒவ்வொன்றையும் சுற்றி உரிய இடைவெளியை வெட்டியகற்றி, எஞ்சியதைச் செப்பாக்கித் தருவது மென்பொருளின் பணி. வரைவாளர் கேட்பது ஒன்று. மென்பொருள் தருவது அதற்கு அண்ணளவான மற்றொன்று. இவ்வேறுபாட்டை அது எவ்வாறு கையாள்கின்றது என்பதைக் கொண்டே இத்தகைய மென்பொருளை மதிப்பிடல் வேண்டும். விளம்பரங்களிற் பேசப்படும் வேகமும் வண்ணமும் அதன் பின்னரே கருதத்தக்கன.

பல்கோணிகளை வெட்டும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1974இல் சதர்லாந்து, ஹொட்ஜ்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட நெறிமுறை குவிவான எல்லைகளுக்குள் வெட்டுதற்கே போதுமானதாயிருந்தது. 1977இல் வைலர், ஆதர்ட்டன் ஆகியோர் அதனை விரித்தனர். 1992இல் பாலா வட்டி அளித்த தீர்வு, தன்னைத்தானே வெட்டும் பல்கோணிகளையும் ஏற்றது. அதனை அடியொற்றி அங்கஸ் ஜோன்சன் உருவாக்கிய 'கிளிப்பர்' என்னும் நிரற்றொகுதியை, 1992இல் பிரான்சில் ஜோன் பியேர் சராஸ் தொடங்கிய கீகாட் மென்பொருளும் பின்னாளில் ஏற்றுக்கொண்டது. இவையனைத்துக்கும் பொதுவான ஓர் எல்லையுண்டு. இவை நேர்கோட்டுப் பக்கங்களை மட்டுமே அறியும், வட்டத்தை அறியா.

எனவே வெட்டுதற்கு முன்னர் வட்டம் பல்கோணியாக்கப்படுகின்றது. தமிழ்க் கேத்திரகணிதத்தில் வில்லென்றும் நாணென்றும் வழங்கும் பெயர்கள் இவ்விடத்து மிகப் பொருத்தமாய் அமைகின்றன. நாண் வில்லின் இரு முனைகளையும் தொடுமேயன்றி, வில்லோடு ஒருபோதும் ஒன்றாகாது. இடையில் எஞ்சும் வெளியே இங்கு வழுவாகும்.

கீகாட்டின் முந்திய பதிப்புகள் ஒரு முழு வட்டத்துக்கு 16 அல்லது 32 துண்டங்கள் என்ற இரண்டிலொன்றைத் தெரியுமாறு வரைவாளரைக் கேட்டன. எளிமையான ஏற்பாடெனினும் இது கேத்திரகணித அறிவுக்கு ஒவ்வாதது. 0.5 மில்லிமீற்றர் ஆரையுடைய வட்டத்தை 16 நாண்களாற் குறித்தால் வழு ஏறத்தாழ 0.0096 மில்லிமீற்றர். ஆரை 20 மில்லிமீற்றராயின், அதே 16 நாண்களுக்கு வழு 0.38 மில்லிமீற்றராக உயரும். துண்டங்களின் எண்ணிக்கையை நிலையாக்கியோர் வழுவை ஆரையின் தயவில் விட்டுவிட்டனர். பின்னர் இம்முறை தலைகீழாக்கப்பட்டது. 2021 இறுதியில் வெளிவந்த 6ஆம் பதிப்பில், அனுமதிக்கத்தக்க உச்ச விலகலே அமைப்பு எண்ணாக விளங்குகின்றது. அதன் இயல்பான பெறுமானம் 0.005 மில்லிமீற்றர். இவ்வளவுக்குட்படச் சிறிய வட்டத்துக்கு 23 நாண்களும் பெரியதற்கு 141 நாண்களும் வேண்டும். இம்மாற்றம் பாராட்டுக்குரியது.

ஆயினும் வழுவின் பருமனைவிட அதன் திசையே முதன்மையானது. துளையொன்றைச் சுற்றிய இடைவெளி வட்டத்துக்குள் பல்கோணி வரையப்படின், ஒவ்வொரு நாணின் நடுவிலும் செப்பு துளையை நோக்கி உட்புகும். 0.2 மில்லிமீற்றர் இடைவெளி விதிக்கப்பட்டிருந்தால், மேற்கூறிய 0.0096 என்பது அதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்காகும். பல்கோணி வட்டத்துக்கு வெளியே, பக்கங்கள் வட்டத்தைத் தொடுமாறு வரையப்படின் இடைவெளி குறைவதில்லை, செப்பே குறையும். சேர்க்கப்படும் செப்புக்கோ இதற்கு மாறாக உள்நோக்கிய வழுவே பாதுகாப்பானது. ஆகவே ஒரே வட்டம், அது கூட்டப்படுகின்றதா கழிக்கப்படுகின்றதா என்பதைப் பொறுத்து, இருவேறு பல்கோணிகளாதல் வேண்டும். கீகாட்டின் மூல நிரலில் இவ்வேறுபாடு வெளிப்படையாகவே பேணப்படுகின்றது.

பாதுகாப்பான திசையும் விலையின்றிக் கிடைப்பதன்று. நெருங்கிய துளைகள் வரிசையாக நிற்குமிடத்து, ஒவ்வோர் இரு துளைகளுக்கும் இடையில் எஞ்சும் செப்புக் கழுத்து இருபுறமும் தேய்கின்றது. மிகக்குறைந்த அகலத்துக்குக் கீழே அது சென்றதும் மென்பொருள் அதனை நீக்கிவிடும். ஒரு கழுத்து நீங்குவது சிறிய செய்தி. வரிசை முழுவதும் நீங்கினால் பரப்பிற் பிளவு தோன்றும், அதனைக் கடக்கவேண்டிய திரும்பு மின்னோட்டம் சுற்றுவழியே செல்ல நேரும், இரைச்சல் மிகும். திரையிற் பார்ப்பவருக்கோ பலகை முழுவதும் செப்பு நிறைந்ததாகவே தோன்றும்.

விதிச் சோதனை இதனைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்புவதும் எப்போதும் பொருந்தாது. சோதிக்கும் பகுதியும் வட்டத்தை அதே பல்கோணியாக்கி அளக்குமாயின், நிரப்பியவரே கணக்காய்வாளருமாகின்றார். வழு இருபுறமும் சமமாயிருத்தலால் அது தென்படாது.

ஆள்கூறுகள் பற்றியும் சிறிது கூறல் தகும். கீகாட் ஒரு நனோமீற்றரை அலகாகக் கொண்டு 32 பிற்று நிறைவெண்களிற் புள்ளிகளைக் குறிக்கின்றது. அதனால் இருதிசையிலும் ஏறத்தாழ 2.1 மீற்றர் வரை எட்டமுடிகின்றது. இரு பக்கங்களின் இடைவெட்டுப்புள்ளி அரிதாகவே நிறைவெண்ணில் விழும்; அதனை அண்மிய எண்ணுக்கு நகர்த்துகையில் பக்கமும் சிறிது சாயும். அரை நனோமீற்றரை எவ்வுற்பத்தியாளரும் பொருட்படுத்தார். ஆனால், கோட்டுக்கு இடப்புறம் நின்ற உச்சி வலப்புறமாகிவிடின் பல்கோணி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். முன் இல்லாத கீற்றுகள் பிறக்கும். தொடர்பற்று எஞ்சும் செப்புத் தீவுகளை முற்றாக நீக்குவதா, விடுவதா, குறித்த பரப்பளவுக்குக் குறைந்தவற்றை மட்டும் நீக்குவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அண்மைய பதிப்புகளில் வரைவாளருக்கே அளிக்கப்பட்டுள்ளது.

வழுவின் திசை பற்றி அத்தகைய உரிமையோ அறிவித்தலோ இல்லை. 0.005 என்ற எண் அமைப்புப் பக்கத்திற் காணப்படுகின்றது. அது எந்தப் பக்கம் சாய்கின்றது என்பது காணப்படுவதில்லை. அதனை அறிய விழைபவர் மூல நிரலைத் திறந்து படித்தல் வேண்டும். நிரல் மூடப்பட்ட வணிக மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கு அவ்வழியும் இல்லை.