கேள்வி கேட்கலாம், பின்னூட்டம் போடக்கூடாது

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஆர், பைத்தான், லேடெக் எல்லாம் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? பலருக்குப் பாடத்திட்டத்தில் அது கிடையாது; நெறியாளருக்கும் நேரமிருக்காது. ஆக, வெகுகாலம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோதான் வாத்தியார். 2008-இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய தளம். இணையத்தில் கூடிக் கற்பதற்கு இதை உதாரணம் காட்டுவது வழக்கம். கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

உரைகல்லாக, ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991-இல் எழுதிய 'சிச்சுவேட்டட் லேர்னிங்' நூலை எடுத்துக்கொள்கிறேன். அதில் லைபீரியத் தையற்காரர்கள் வருகிறார்கள். தொழில் பழக வருபவர் முதலில் பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற கடைசிக்கட்ட வேலைகளைத்தான் செய்வார். பிறகு தையல். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால். பட்டன் கோணினால் பிரித்துக்கொள்ளலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போச்சு.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இது தலைகீழ். நேற்றுச் சேர்ந்தவர் கேள்வி கேட்கலாம், பதிலே எழுதலாம். ஆனால் அடுத்தவர் பதிவில் ஒரு வரி பின்னூட்டம் போட 50 புள்ளி வேண்டும். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு, பட்டனைத் தொடாதே என்கிற மாதிரி! குப்பையைத் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள், நியாயம்தான். அதற்கு விலை கொடுப்பவர், முதல் கேள்வியே 'ஏற்கெனவே கேட்டாச்சு' என்று மூடப்பட்டு, திரும்பி வராமலே போகும் மாணவர். தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதற்காக எல்லாமே மோசம் என்று தள்ளிவிட முடியாது. பிழையைத் திரும்ப வரவழைக்கும் மிகச் சிறிய நிரலைக் கேள்வியோடு தரச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான வரிகளைப் பத்தாகச் சுருக்கும்போது பல சமயம் பிழை தானாகவே மாட்டிக்கொள்ளும். நாலு பேர் படிப்பார்களே என்ற கூச்சம்தான் அந்த உழைப்பை வாங்குகிறது.

இப்போது சாட்ஜிபிடி இருக்கிறது. திட்டாது, கேள்வியை மூடாது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது அதில் தெரியவே தெரியாது. எல்லோரும் தனித்தனியாக அதே பள்ளத்தில் விழ வேண்டியதுதான்.

எனக்குத் தோன்றுவது இது: துறைக்குள் சின்னதாக ஒரு வாட்ஸ்அப் குழு போதும், பேராசிரியர் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. தங்கள் பிழைச்செய்தியை சீனியர்கள் முதலில் போடட்டும். ஜூனியர்கள் 'எனக்கும் இதேதான் அண்ணா' என்று சொன்னாலே போதும், பட்டன் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.